கயத்தில் இறங்கியவள்

மே 3, சனி

இன்று காலை கயத்தின் கரையில் புதுப் பலகை நட்டார்கள். பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து. "பாதுகாப்பு கருதி, பெண்கள் நீந்த அனுமதி இல்லை. பணியாளர்கள் எக்காரணம் கொண்டும் நீரில் இறங்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆண்கள் குளிக்கலாம், குதிக்கலாம், ஊளையிடலாம். பெண்கள் மிதக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு பெடல் படகில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். இதில் யாருடைய பாதுகாப்பு?

மலையிலிருந்து இறங்கும் ஆறு பாறைகளுக்கு நடுவே தேங்கி ஆழமாக நிற்கும் இடம் ஆனைக்கயம். ஆறு வருடங்களுக்கு முன் குத்தகைக்காரர்கள் வந்து, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, 'வனப் பொழுதுபோக்கு மையம்' ஆக்கினார்கள். பரிசல், பெடல் படகு, நீச்சல், மதியம் சாப்பாடு. நான் டிக்கெட் கவுண்டரில் நான்கு வருடமாக இருக்கிறேன். கடிதம் டைப் அடிப்பதும் நான்தான்.

இங்கே கூட்டுவது, சமைப்பது, மிதக்கும் சட்டைகளை அலசிக் காயப்போடுவது எல்லாம் மேல்பதிப் பெண்கள். மலையில் இருப்பவர்கள், அவர்கள் ஊரைப் பதி என்பார்கள். செவ்வாய்க்கிழமை மையத்துக்கு விடுமுறை. அன்று பதிப் பெண்கள் எல்லோரும் கயத்தில் விழுந்து கிடப்பார்கள்.

துடைப்பத்தோடு வந்த ரங்கி பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னுங்க்கா எழுதியிருக்குது?"

படித்துச் சொன்னேன்.

"செவ்வாக்கெழமையுமா?"

"எப்பவும்தான்."

"எங்கம்மா முழுகின எடம், எங்கம்மாளுக்கு அம்மா முழுகின எடம். இப்ப ஆத்துக்குப் பூட்டுப் போட்டாச்சா?" என்று சிரித்தாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

பலகைக்கு வாசகம் அடித்துக் கொடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மேலாளர் சொன்னார், அடித்தேன்.

மே 4, ஞாயிறு

கோடை விடுமுறைக் கூட்டம். மதியத்துக்குள் எழுநூறு டிக்கெட். ஒரு குரங்கு கவுண்டருக்குள் கைவிட்டு டிக்கெட் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து கிழித்தது. சாப்பாட்டுக்குக் கீரை போதவில்லை என்று ஒருவர் சண்டை.

சாயங்காலம் ஒரு பெடல் படகு சங்கிலி கழன்று, பாறையில் முட்டிச் சாய்ந்து, இரண்டு பெண்கள் தண்ணீரில் விழுந்தார்கள். மிதக்கும் சட்டை இருந்ததால் பிழைத்தார்கள். நம் உயிர்காப்பாளர் ராஜகணபதி சிவப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடியோடு முழங்கால் ஆழத்தில் நின்று விசில் ஊதினார். ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். பரிசல் ஓட்டும் காளன், ரங்கியின் அண்ணன், போய்த்தான் இருவரையும் இழுத்துப் போட்டான்.

மேலாளர் நல்லசிவத்திடம் கேட்டேன். "சார், அவருக்கு நீச்சல் தெரியுமுங்களா?"

"சர்ட்டிபிகேட் இருக்குதுங்மா."

நான் கேட்டது நீச்சல். ராஜகணபதி மேலாளருடைய மனைவியின் தம்பி. இதற்குமேல் கேட்டால் எனக்குத்தான் நீச்சல் தெரிய வேண்டியிருக்கும்.

மே 8, வியாழன்

குளிப்பவர்களுக்கு எல்லை காட்டும் மிதவைக் கயிறு பற்றி ரங்கி இன்று மேலாளரிடம் நேராகவே பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பெரிய பாறைக்கு அடில தண்ணி உள்ள இழுக்குமுங்க சார். மேல பாத்தாத் தெரியாது. கவுத்த இன்னும் இந்தப் பக்கமாத் தள்ளிக் கட்டுங்க."

"அப்பறம் குளிக்கறதுக்கு எடம் எங்க இருக்குது? போ, போய் பாத்ரூமக் கழுவு."

அவள் போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே மேலாளர் என்னிடம், "எல்லாருக்கும் இப்பப் புத்தி சொல்லத் தெரியுது" என்றார். நான் தலையாட்டினேனோ என்னவோ, ஞாபகமில்லை.

மே 9, வெள்ளி

மழை. நாற்பது மிதக்கும் சட்டையும் காயவில்லை. கவுண்டர் முழுக்க ஈர நாற்றம்.

மே 11, ஞாயிறு

எழுத்து கோணலாக வந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்குப் பெரிய காரில் ஒரு கூட்டம் வந்தது. நூற்பாலை வைத்திருக்கும் ஆறுச்சாமி, அவர் மனைவி, மூன்று நண்பர்கள். ஆண்கள் நால்வரும் குடித்திருந்தது கவுண்டர் வரை மணந்தது. குடித்தவர்களை விடக் கூடாது என்று விதி. வாசலில் நிறுத்தினேன். மேலாளர் ஓடிவந்து, "நம்ம அண்ணன்தான், விடுங்க" என்றார். விட்டேன்.

பன்னிரண்டரைக்கு ஆறுச்சாமி கயிற்றைத் தாண்டிப் பெரிய பாறையில் ஏறினார். நண்பர்கள் கைதட்டினார்கள். குதித்தார். கவுண்டர் ஜன்னலிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. தண்ணீர் தெறித்து அடங்கியது. நண்பர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் மேலே வரவில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. கடைசியில் அவர் மனைவி எழுந்து நின்று, "ஏனுங்க... ஏனுங்க..." என்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டார். கடைத்தெருவில் முன்னே போகிறவரைக் கூப்பிடுவது போல.

விசில் சத்தம். ராஜகணபதி முழங்கால் ஆழம் வரை ஓடினார். நின்றார்.

அப்போது ரங்கி உடைமாற்றும் அறை வாசலில் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை எறிந்தாள். சேலையை இழுத்துச் செருகியபடி பாறைமேல் ஓடியதைத்தான் பார்த்தேன். குதித்ததைக் கண் பிடிக்கவில்லை. ஒருமுறை தலை வெளியே வந்தது, வெறுங்கை. மூச்சிழுத்துக்கொண்டு மறுபடி போனாள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. நாற்பத்தொன்று எண்ணும்போது அவள் வந்தாள். இடது கையில் ஆறுச்சாமியின் தலைமயிர். காளன் பரிசலைக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

கரையில் போட்டதும் அந்த மனிதர் தண்ணீரும் சாராயமுமாகக் கக்கினார். மூச்சு வந்தது. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. ரங்கியின் முழங்கை பாறையில் உரசித் தோல் உரிந்திருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் குளிரில் நடுங்கிவிட்டு, எழுந்து துடைப்பத்தைத் தேடினாள்.

மே 12, திங்கள்

மேலாளர் காலையிலேயே கூப்பிட்டார். லைசென்ஸ் கொடுக்கும் மேலிடத்துக்குச் சம்பவ அறிக்கை போக வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும்.

"உயிர்காப்பாளர் திரு. ராஜகணபதி துரிதமாகச் செயல்பட்டு, நீரில் குதித்து, சுற்றுலாப் பயணியை மீட்டார்."

என் விரல் நின்றது. "சார், ரங்கி..."

"சுலோச்சனாம்மா. உயிர்காப்பாளர் சும்மா நின்னாருன்னு எழுதுனா லைசென்ஸ் போச்சு. மையத்தப் பூட்டீருவாங்க. பதிப் பொம்பளைக பதினெட்டுப் பேரும் வீட்டுல உக்காரோணும். ரங்கியும்தான். உங்களுக்கும் அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது. யோசிச்சுக்கங்க."

எப்படிப்பட்ட மனிதர்! பதினெட்டுப் பெண்களின் சோற்றை முன்னால் வைத்துப் பொய்யைக் கேட்கிறார். ராஜகணபதி மூலையில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். வெட்கமில்லாதவர். ஆறுச்சாமியும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "அப்படியே இருக்கட்டும்" என்றாராம். கூட்டுகிற பெண் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தாள் என்பதைவிட, பயிற்சி பெற்ற ஒருவர் காப்பாற்றினார் என்பது கௌரவம்.

அடித்தேன். பிறகு இன்னொரு தாள்: விதியை மீறி நீரில் இறங்கியதற்காக ரங்கிக்கு மெமோ. இரண்டு வாரம் வேலைக்கு வரக் கூடாது. அதையும் அடித்தேன். அறிக்கையில் நேரில் பார்த்தவர்கள் இருவர் கையெழுத்து வேண்டுமாம். ஒன்று மேலாளருடையது. அதோடு வேலை முடிந்து நாலரை பஸ்ஸைப் பிடித்தேன்.

மே 13, செவ்வாய்

விடுமுறை. வீட்டை ஒட்டடை அடித்தேன். எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். கோவையில் நர்சிங் படிக்கும் மகள் தாரணி போன் செய்தாள். "உங்க எடத்துல யாரோ முழுகிட்டாங்களாமே?" என்றாள். காப்பாற்றிவிட்டார்கள் என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை.

மே 14, புதன்

செய்தித்தாளில் போட்டோ. ராஜகணபதி கையில் பூங்கொத்து. "உயிரைப் பணயம் வைத்த வீரர்." உயிரை! முழங்காலுக்குக் கீழே இருக்கும் உயிரை!

மதியம் ரங்கி மெமோவை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள்.

"என்னமோ குடுத்தாங்க்கா. படிங்க."

படித்தேன்.

"நான் எறங்குனதுக்கா?"

"ஆமா."

"அந்தாளு செத்திருந்தாப் பரவால்லீங்களா?"

நான் டிக்கெட் புத்தகத்தைத் திறந்து மூடினேன்.

"நான் கைய உட்டப்போ அவரு கால்தான் மொதல்ல கெடச்சுது. இழுத்தேன், வரல. பாறைக்குள்ள சொருகியிருந்தாரு. ரெண்டாந்தரம் போயித்தான் தலையப் புடிச்சேன். ஒண்ணும் கேக்கல நான். பேரும் கேக்கல, மால மருவாதியும் கேக்கல. வேலைக்கு வராதேங்கறாங்க. இத ஆருங்க்கா எழுதுனது?"

"ஆபீஸ்ல" என்றேன்.

அவள் தாளை வாங்கி, மறுபடி நான்காக மடித்துக்கொண்டு போனாள்.

மே 18, ஞாயிறு

வருகிற ஞாயிறு மையத்தின் ஆண்டுவிழாவாம். மேலிடத்து அதிகாரி வருகிறார். ஆறுச்சாமி தன் கையால் ராஜகணபதிக்குப் பொன்னாடை போர்த்தி மோதிரம் போடுகிறார். அழைப்பிதழ் அடித்து முடிக்க மூன்று மணி ஆனது. இந்த உலகத்தில் மனிதர்களுக்குக் கூச்சமே இல்லையா? மேலாளருக்கு இல்லை, அந்த ஆலைக்காரருக்கு இல்லை, வாயைத் திறக்காமல் நின்ற அவருடைய நண்பர்களுக்கு இல்லை. ஒருவருக்கும் இல்லை.

ரங்கியின் இடத்தில் யாரும் கூட்டுவதில்லை. உடைமாற்றும் அறை நாறுகிறது.

மே 20, செவ்வாய்

தாரணி இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். காலையில் தோசை ஊற்றிக்கொண்டே நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது. "அக்கிரமம்மா இது" என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

குடை தேடுகிறேன் என்று அவள் என் ஆபீஸ் பையைக் கவிழ்த்தாள். அறிக்கையின் நகல் விழுந்தது. எடுத்துப் படித்தாள். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தாள்.

"அம்மா, ரெண்டாவது கையெழுத்து உன்னுது."

சட்டியில் தோசை தீய்ந்தது.

"மேலாளர் அப்படி..." என்றேன்.

"மேலாளர் மோசம். ஆறுச்சாமி மோசம். பேப்பர்காரன் மோசம். காலைல இருந்து எல்லார் மேலயும் கோவம், கோவம்னு இருக்கே. உம்மேல மட்டும் வரவே இல்லையாம்மா?"

"உன் படிப்புக்காகத்தான்டி அந்த வேலை."

"எம்பேரச் சொல்லாத. நான் கேக்கல."

நான் அவளைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அவள் மதியம் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஆம். போட்டேன். நீல மையில், முழுப் பெயரும் எழுதி. இங்கே எழுதவில்லை, எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடும் போலிருந்தது.

மே 22, வியாழன்

உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு மேல்பதிக்கு நடந்தேன். ஒரு மணி நேர ஏற்றம். ரங்கி வீட்டு வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தாள். முழங்கைப் புண்ணில் பச்சிலை அரைத்துப் பூசியிருந்தாள்.

நின்றபடியே சொன்னேன். பலகை வாசகம் அடித்தது நான். மெமோ அடித்தது நான். ராஜகணபதிதான் குதித்தார் என்று கையெழுத்துப் போட்டதும் நான்.

அவள் கொடுவாளைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்குப் படிச்சீங்களே. எங்கிட்டயே படிச்சுக் காட்டுனீங்களே."

"தப்புத்தான், ரங்கி. மன்னிச்சுக்க."

"மன்னிச்சு நான் என்ன பண்றதுங்க? போட்ட கையெழுத்த எடுங்க."

"அத எடுக்க முடியாது."

"அப்ப வேற தாளு எழுதுங்க. நான் சொல்றேன். நீங்க சேத்தாதீங்க, கொறைக்காதீங்க."

அவள் சொன்னாள், நான் எழுதினேன். மே எட்டாம் தேதி கயிற்றைத் தள்ளிக் கட்டச் சொன்னது. பாறைக்கு அடியில் முன்னொரு காலத்தில் பதியைச் சேர்ந்த இருவர் செருகிச் செத்தது. குடித்தவர்களை உள்ளே விட்டது. அந்த இடத்தில் நான் தயங்கினேன். "வாசல்ல வுட்டது நீங்கதானுங்களே. எழுதுங்க" என்றாள். எழுதினேன். கடைசியில் அவள் பெருவிரல் ரேகையும் என் கையெழுத்தும்.

கிளம்பும்போது தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கேட்கவும் எனக்கு வாயில்லை.

மே 25, ஞாயிறு

ஷாமியானா, ஒலிபெருக்கி, முன்வரிசையில் வெள்ளை வேட்டிகள். பதிப் பெண்கள் ஓரத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லப்பட்ட ரங்கி பத்து மணிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நான்தான் கிழித்துக் கொடுத்தேன்.

அதிகாரி மேடைக்குப் போகும் முன் தாளைக் கொடுத்தேன். "விழா முடியட்டும், பார்க்கறேம்மா" என்று மடித்துப் பையில் வைத்தார். ராஜகணபதிக்கு மாலை போட்டார்கள். ஆறுச்சாமி பொன்னாடையைப் பிரித்தார். முடிந்தால்தானே பார்ப்பீர்கள்! எல்லாம் முடிந்துவிடுமே!

மேடைக்குக் கீழே போய் நின்று, "அது பொய்யிங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "அவர் குதிக்கல. நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். குதிச்சது ரங்கி."

மேலாளர் மைக்கைப் பிடித்து, "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்றார். யாரோ என் தோளைப் பிடித்தார்கள்.

அப்போது ரங்கி முன்னால் வந்தாள். அவசரமில்லாமல், தண்ணீர்ப் பானை எடுக்கப் போகிறவள் போல. அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்க சார், தண்ணி இங்கதான இருக்குது. அவரு இடுப்பளவு எறங்கட்டும். எறங்கினா நான் இப்பவே போயர்றேன்."

எல்லோரும் ராஜகணபதியைப் பார்த்தார்கள். மேலாளர், "இதென்ன வெளையாட்டு..." என்று தொடங்கினார். ராஜகணபதி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் மரத்துக் குரங்குக்குக்கூடக் கேட்டிருக்கும். "தண்ணின்னாலே பயமுங்க. மாமங்கிட்ட மொதல்லயே சொன்னேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சாமி கும்பிட்டுட்டுத்தான் வருவேன், ஆரும் முழுகிரக் கூடாதுன்னு."

அவரை எத்தனை பக்கம் திட்டி எழுதியிருக்கிறேன். அந்த மேடையில் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்.

ஆறுச்சாமி பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருடைய மனைவி எழுந்து வந்தார். ரங்கியின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கைதான். எனக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னாரு, நானும் வாய மூடிட்டு இருந்தேன்." அழுதார். ரங்கி அழவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"மெமோவ மொதல்ல வாங்கிக்கங்க" என்று மடித்த தாளை அதிகாரியிடம் நீட்டினாள்.

மே 27, செவ்வாய்

எனக்குக் கான்ட்ராக்ட் நீட்டிப்பு இல்லை. கடிதம் தபாலில் வந்தது. 'மையத்தின் பெயருக்கு களங்கம்' என்று இருக்கிறது. களங்கத்துக்கு முன்னால் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. நான் இல்லாமல் அடித்திருக்கிறார்கள்.

தாரணிக்குப் போன் செய்தேன். எடுத்தாள்.

ஜூன் 9, திங்கள்

விசாரணை முடியும் வரை மையம் பூட்டியிருக்கிறது. சந்தையில் பதிப் பெண்கள் மூவரைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "உங்க சத்தியத்துல எங்க அடுப்பு அணைஞ்சுதுங்க" என்றாள். நியாயம்தான். இதைத்தான் மேலாளர் சொன்னார். அவர் சொன்னது பலித்ததற்கும் அவர்மேல்தான் ஆத்திரம் வருகிறது. பூட்டுவதற்கு ஒரு பொய் இருந்தது அவரால் அல்லவா?

ஜூன் 24, செவ்வாய்

ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நிற்க வேண்டும். கால் வீங்குகிறது.

மையம் திறக்கிறதாம். புது மேலாளர். பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். பதியிலிருந்து இரண்டு பெண்களை உயிர்காப்பாளராக எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்களாம்! முன்பு இருந்தவரிடம் சான்றிதழ் இருந்தது, நீச்சல்தான் இல்லை. அதிகாரிக்கு இரண்டு பக்கம் எழுதிப் போட்டேன். இந்த முறை யாரும் சொல்லி அடிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தாரணியோடு ஆனைக்கயம் போனேன். கவுண்டரில் புதுப் பெண். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வெயில் இவ்வளவு அடிக்கும் என்று நான்கு வருடமாகத் தெரியாது.

மிதவைக் கயிறு பெரிய பாறைக்கு இருபதடி இந்தப் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறது. கரையில் ரங்கி. சிவப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் விசில். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமலே எடுத்துவிட்டார்கள். என்னைப் பார்த்தாள்.

"டிக்கெட் எடுத்தீங்களா?"

காட்டினேன். தலையசைத்தாள். அவ்வளவுதான். அதற்குமேல் நான் எதிர்பார்க்க என்ன உரிமை?

தண்ணீரில் பெண்கள் இருந்தார்கள். தாரணி இறங்கினாள். நான் கால் நனைத்து உட்கார்ந்தேன்.

மூன்று மணி இருக்கும். தொப்பை வைத்த ஒருவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ரங்கி விசில் ஊதினாள். அவர் திரும்பவில்லை. மறுபடி ஊதினாள்.

"யாரும்மா நீ? எனக்கு நீச்சல் சொல்லித் தர்றியா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எழுந்து நின்றுவிட்டேன். வாய்வரை வந்த கோபத்தை ரங்கி கையைக் காட்டி நிறுத்தினாள்.

விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு, சத்தம் போடாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஏனுங்க, நீங்க முழுகினா நான் வந்து எடுப்பேனுங்க. அது எம்பட வேல. எடுத்துக் கரைல போட்டு, மூச்சு வந்ததும் கன்னத்துல ஒண்ணு வெப்பேன். அதுக்கு மெமோ குடுத்தா வாங்கிக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் பாறையைப் பார்த்தார், ரங்கியைப் பார்த்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து, இந்தப் பக்கம் வந்தார்.